மிகுபுனைவு எழுத்தாளரிடம் கேளுங்கள்: மாநாடு, பட்டறை, சுயபதிப்பு

மிகுபுனைவு (ஃபேண்டஸி) நாவல்கள் எழுதுகிறேன், அவற்றை நானே பதிப்பிக்கிறேன், நடுநடுவே மாநாடுகளுக்கும் பட்டறைகளுக்கும் போய்வருகிறேன். இந்த வாழ்க்கையைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, ஒரு மாதம் மாநாடு, அடுத்த மாதம் பட்டறை, அதற்குள் புத்தக வெளியீடு என்று ஓடிக்கொண்டே இருக்கிறீர்கள். எழுத எப்போது உட்காருகிறீர்கள்?

காலையில், வேறு எதையும் தொடுவதற்கு முன்னால். மற்ற வேலைகளுக்கெல்லாம் கேட்க ஆள் இருக்கிறது. மாநாட்டு அமைப்பாளர் தேதி கேட்பார், அட்டை ஓவியர் அளவு கேட்பார், வாசகர் அடுத்த பாகம் எப்போது என்று கேட்பார். இன்றைக்கு எழுத வேண்டிய இரண்டு பக்கத்தை மட்டும் யாரும் வந்து கேட்கமாட்டார்கள். கேட்க ஆளில்லாத வேலைதான் எப்போதும் தள்ளிப்போகும். அதனால் நாளின் முதல் பங்கு அதற்குத்தான். அது முடிந்த பிறகுதான் மின்னஞ்சல், கணக்கு வழக்கு எல்லாம்.

பயண நாட்களில் புதிதாக எழுத முயல்வதில்லை. கிளம்புவதற்கு முன் ஒரு காட்சியைப் பாதியிலேயே நிறுத்தி, அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று இரண்டு வரி குறித்து வைத்துவிடுவேன். திரும்பி வந்ததும் அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடலாம். ஒரு அத்தியாயத்தைக் கச்சிதமாக முடித்துவிட்டுக் கிளம்பினால், திரும்பும்போது வெற்றுப் பக்கம்தான் காத்திருக்கும்.

கேள்வி: இந்த மாநாடுகளில் அப்படி என்னதான் நடக்கிறது? கல்விப்புலக் கருத்தரங்கு மாதிரியா?

இல்லை. இவை வாசகர்கள் கட்டி எழுப்பியவை. உலக அறிவியல் புனைவு மாநாடு, அதாவது வேர்ல்ட்கான், முதன்முதலில் 1939இல் நியூயார்க்கில் நடந்தது. வந்தவர்கள் சுமார் 200 பேர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சில ஆண்டுகள் நின்று, பிறகு தொடர்ந்தது. ஒவ்வொரு ஆண்டும் வெவ்வேறு ஊரில் நடக்கும். எந்த ஊர் என்பதை உறுப்பினர்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். நடத்துபவர்கள் முழுக்கத் தன்னார்வலர்கள். சிறந்த படைப்புகளுக்கு அங்கே தரப்படும், 1953இல் தொடங்கிய ஹ்யூகோ விருதும் உறுப்பினர்கள் வாக்கில்தான் தீர்மானமாகிறது. பெயரில் அறிவியல் புனைவு இருந்தாலும் மிகுபுனைவுக்கும் அங்கே சம இடம் உண்டு. மிகுபுனைவுக்கென்றே தனியாக உலக மிகுபுனைவு மாநாடு 1975 முதல் நடக்கிறது. அது அளவில் சிறியது. எழுத்தாளர்களும் எடிட்டர்களும் அதிகம் வருவதால், தொழில் பேச அது நல்ல இடம். 1987இல் அட்லாண்டாவில் தொடங்கிய டிராகன் கான் மாநாடோ ஒரு திருவிழா மாதிரி. வேஷம் கட்டி வருபவர்களைப் பார்க்கவே போகலாம்.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குழு விவாதங்களை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அரங்குக்கு வெளியே, நடைவழியிலும் சாப்பாட்டு மேசையிலும் நடக்கும் பேச்சுதான் உண்மையான மாநாடு.

கேள்வி: மாநாட்டில் மேசை போட்டுப் புத்தகம் விற்றால் போட்ட காசு திரும்புமா மேடம்?

முதல் சில மாநாடுகளில் பெரும்பாலும் திரும்பாது. மேசை வாடகை, பயணம், தங்குமிடம், புத்தகப் பெட்டியைச் சுமந்துபோகும் செலவு என்று எல்லாவற்றையும் ஒரே ஒரு நாவல் ஈடுகட்ட வேண்டும் என்றால் கணக்கு உதைக்கும். ஒரே தொடரில் மூன்று பாகங்கள் மேசையில் இருந்தால் நிலைமை வேறு. முதல் பாகத்தை வாங்கியவர் அடுத்த நாள் திரும்பி வந்து மற்ற இரண்டையும் எடுத்துப்போவது அடிக்கடி நடக்கும்.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு குறிப்பு. ஒருவர் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார். முன்னட்டையைப் பார்க்கிறார், திருப்பிப் பின்னட்டையைப் படிக்கிறார், அப்புறம் முதல் பக்கத்தைத் திறக்கிறார். இந்த மூன்றும் நடக்கும் நேரத்தில் வாயைத் திறக்காதீர்கள். அவர் ஏற்கெனவே உங்கள் கதைக்குள் இருக்கிறார். நீங்கள் பேசினால் வெளியே இழுத்துவிடுவீர்கள். தலை நிமிர்ந்து உங்களைப் பார்த்த பிறகு, ஒரே வாக்கியத்தில் கதையைச் சொல்லுங்கள். அதில் யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்பது இருந்தால் போதும். உங்கள் உலகத்தின் ஐயாயிரம் ஆண்டு வரலாற்றை அங்கே ஆரம்பிக்க வேண்டாம்.

கேள்வி: மேடையேறிப் பேச எனக்குப் பயம். குழு விவாதத்துக்கு அழைத்தால் மறுத்துவிடலாமா?

மறுக்காதீர்கள் தம்பி. நான்கைந்து பேர் சேர்ந்து உட்கார்வதால் முழுப் பாரமும் உங்கள் தலையில் விழாது. தலைப்பு கைக்கு வந்ததும் மூன்று உதாரணங்கள் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்; அதில் இரண்டு மற்றவர்களின் புத்தகங்களாக இருக்கட்டும். தன் நாவலைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவரை அவையினர் சீக்கிரம் மறந்துவிடுவார்கள், நல்ல புத்தகம் ஒன்றை அடையாளம் காட்டியவரைத் தேடிவந்து பேசுவார்கள்.

கேள்வி: கிளாரியன் போன்ற ஆறு வாரப் பட்டறைகளுக்கு வேலையை விட்டுவிட்டுப் போவது தகுமா?

கிளாரியன் என்பது அமெரிக்காவில் நடக்கும் அறிவியல் புனைவு, மிகுபுனைவு எழுத்துப் பட்டறை. 1968இல் தொடங்கியது. ஆறு வாரம் அங்கேயே தங்கி, எழுதி, ஒருவர் கதையை ஒருவர் வாசித்து விமர்சிக்க வேண்டும். அங்கே கையாளப்படும் முறை 1956இல் அறிவியல் புனைவு எழுத்தாளர் டேமன் நைட் தொடங்கிய மில்ஃபோர்ட் எழுத்தாளர் கூட்டங்களிலிருந்து வந்தது. எல்லோரும் வட்டமாக உட்கார்வார்கள். ஒவ்வொருவரும் அளவான நேரத்தில் கருத்துச் சொல்வார்கள். கதையை எழுதியவர் அதுவரை பேசக் கூடாது. எல்லோரும் முடித்த பிறகுதான் அவர் முறை.

அந்த மௌனத்தில்தான் பட்டறையின் பலன் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். "இல்லை, அந்த மந்திரக்கல் யாருடையது என்று மூன்றாம் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறேனே" என்று நாக்கு துடிக்கும். ஆனால் ஏழு பேர் அதைக் கவனிக்கவில்லை என்றால், மூன்றாம் பக்கத்தில் நீங்கள் சொன்ன விதத்தில்தான் கோளாறு. புத்தகத்தை வாங்கும் வாசகர் பக்கத்தில் நின்று நீங்கள் விளக்கப்போவதில்லையே.

வேலையை விடுவது பற்றி: விட வேண்டாம். ஆறு வாரம் என்பது எல்லோராலும் முடிகிற காரியமில்லை. முடியாதவர்கள் எழுத்தாளராக முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான்கைந்து பேர் மாதம் ஒருமுறை கூடி இதே முறையை ஒழுங்காகப் பின்பற்றினால், ஒரே ஆண்டில் உங்கள் வாசிப்பு மாறிவிடும். பட்டறையில் நமக்குக் கிடைக்கும் விமர்சனத்தைவிட, பிறர் கதைக்கு நாம் எழுதும் விமர்சனம்தான் அதிகம் கற்றுத்தருகிறது. அடுத்தவர் கதையில் சலிப்பு எந்த வரியில் தொடங்கியது என்று கண்டுபிடிக்கப் பழகிவிட்டால், சொந்தக் கதையிலும் அது கண்ணில் படத் தொடங்கும்.

கேள்வி: பட்டறையில் ஒருவர் டிராகனை எடுத்துவிடு என்கிறார், இன்னொருவர் டிராகன்தான் பிரமாதம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இருவரும் ஒரே இடத்தைத் தொட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. எங்கே தடுக்கியது என்று வாசகர் சொன்னால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். எப்படிச் சரிசெய்வது என்று அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது உங்கள் வேலை.

கேள்வி: என் கதை 30,000 சொற்கள். அது நாவலா, குறுநாவலா?

ஹ்யூகோ விதிப்படி 7,500 சொற்களுக்குள் சிறுகதை. 40,000 முதல் நாவல். இடையில் 17,500 வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் 40,000 வரை குறுநாவல். உங்களுடையது குறுநாவல். இழுத்து நாவலாக்க வேண்டாம். மின்நூலில் குறுநாவல் நன்றாகவே போகிறது.

கேள்வி: கிண்டிலில் நானே வெளியிடப்போகிறேன். 70% ராயல்டி என்கிறார்கள், 35% என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. அமெரிக்க விலைப்படி 2.99 டாலர் முதல் 9.99 டாலர் வரை வைத்தால் 70% தேர்ந்தெடுக்கலாம். அதற்குக் கீழோ மேலோ போனால் 35%. இந்தியா, ஜப்பான், பிரேசில், மெக்சிகோ வாசகர்களுக்கு விற்கும் பிரதிகளுக்கு 70% வேண்டுமென்றால், அமேசானின் சுயபதிப்புத் தளமான கே.டி.பி.யின் செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். செலக்டில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்நூலை வேறு எங்கும் விற்கவோ இலவசமாகக் கொடுக்கவோ கூடாது. உங்கள் சொந்தத் தளத்தில்கூடக் கூடாது. பதிலுக்கு, கிண்டிலுக்குச் சந்தா கட்டிய வாசகர்கள் படிக்கும் பக்கங்களுக்குப் பணம் வரும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

நீளமான தொடர் எழுதுகிறவர்களுக்குப் பக்கக் கணக்கு உதவும். ஒற்றைப் புத்தகம் என்றால் எல்லாக் கடைகளிலும் வைப்பதே மேல் என்பது என் கருத்து. 90 நாள் முடியும்போது உறுப்பினர்நிலை தானாகவே புதுப்பிக்கப்படும் என்பதை மறக்காதீர்கள். வேண்டாம் என்றால் முன்பே அந்தத் தேர்வை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: நாவலில் வரைபடம் வைக்கலாமா? என் உலகத்துக்கு அழகாக ஒன்று வரைந்திருக்கிறேன்.

வைக்கலாம், ஆனால் கோப்பின் எடையைப் பாருங்கள். 70% திட்டத்தில் ஒவ்வொரு பிரதிக்கும் கோப்பு அளவுக்கு ஏற்ப அனுப்பும் கட்டணம் கழிக்கப்படும். அமெரிக்கக் கடையில் ஒரு எம்.பி.க்கு 0.15 டாலர். வரைபடத்தால் கோப்பு 4 எம்.பி. கூடியது என்றால் 0.60 டாலர். 4.99 டாலர் புத்தகத்தில் உங்களுக்கு வரவேண்டிய சுமார் 3.49 டாலர், 3.07 ஆகிவிடும். மின்நூலுக்குக் கறுப்பு வெள்ளையில், அடர்த்தி குறைத்த படம் போதும். அச்சுக்கு 300 டி.பி.ஐ. அடர்த்தியுள்ள படத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர்களைப் பெரிய எழுத்தில் போடுங்கள். சின்னத் திரையில் படிக்க முடியாத வரைபடத்தால் யாருக்கும் பயனில்லை.

கேள்வி: அட்டையை ஓவியரிடம் முதலிலேயே கொடுத்துவிடலாமா அக்கா?

முன்னட்டை ஓவியத்தைக் கொடுக்கலாம். முழு அட்டையை மட்டும் பக்க எண்ணிக்கை உறுதியான பிறகு கொடுங்கள். புத்தகத்தின் முதுகு அகலம் பக்கத்தையும் தாளையும் பொறுத்தது. கே.டி.பி.யில் கிரீம் தாள் என்றால் பக்கத்துக்கு 0.0025 அங்குலம். 300 பக்கம் 0.75 அங்குலம். அதே 300 பக்கம் வெள்ளைத் தாளில் 0.68க்குப் பக்கம் வரும். கடைசி நேரத்தில் தாளை மாற்றினாலோ இருபது பக்கம் கூடினாலோ, முதுகில் இருக்கும் தலைப்பு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். சுற்றிலும் 0.125 அங்குலம் வெட்டுக்கு விட வேண்டும் என்பதையும் ஓவியரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. இலவச ஐ.எஸ்.பி.என்., அதாவது புத்தகத்தின் அடையாள எண் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். கே.டி.பி. இலவசமாகத் தரும் எண்ணை அங்கே மட்டும்தான் பயன்படுத்தலாம். வேறு அச்சகத்திலும் போடும் எண்ணம் இருந்தால் சொந்த எண் வாங்குங்கள்.

கேள்வி: எடிட்டருக்குக் கொடுக்கப் பணம் போதவில்லை. எதை விடலாம்?

மெய்ப்பை விடாதீர்கள். கதைக் கட்டமைப்பைப் பார்க்கும் வேலைக்கு நல்ல பட்டறைக் குழுவும், வெளியீட்டுக்கு முன்பே படித்துக் கருத்துச் சொல்லும் நான்கு பீட்டா வாசகர்களும் பெருமளவு ஈடுகொடுப்பார்கள். மிகுபுனைவில் ஒரு கூடுதல் வேலை உண்டு: பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு அரசன், ஆறு, ஆயுதத்தின் பெயரையும் எழுத்துப் பிசகாமல் ஒரு தாளில் எழுதி, மெய்ப்புப் பார்ப்பவரிடம் கொடுங்கள். நீங்கள் இட்டுக்கட்டிய பெயரில் எது பிழை, எது சரி என்று அவருக்கு எப்படித் தெரியும்? யாருக்கு எந்த வயது, எந்த மந்திரத்துக்கு என்ன விலை என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். மூன்றாம் பாகம் எழுதும்போது அது உங்களையே காப்பாற்றும்.

கேள்வி: கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டிப் புத்தகம் போடலாமா? பிராண்டன் சாண்டர்சன் கோடிக்கணக்கில் திரட்டினாரே?

இணையத்தில் பலரிடமும் முன்கூட்டியே பணம் திரட்டும் தளம் கிக்ஸ்டார்ட்டர். அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளரான சாண்டர்சன் 2022இல் நான்கு நாவல்களுக்காக அங்கே 4 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். அதற்கு முன் பல ஆண்டுகள் தவறாமல் புத்தகம் கொடுத்து வாசகர்களைச் சேர்த்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உங்களுக்கு ஐந்நூறு உண்மையான வாசகர்கள் இருந்தால் சின்ன இலக்கோடு செய்யலாம். அங்கே இலக்கை எட்டாவிட்டால் ஒரு காசும் கைக்கு வராது. தபால் செலவை முதலிலேயே கணக்கில் எடுங்கள், குறிப்பாகக் கெட்டி அட்டைப் பதிப்புக்கு. எழுதி முடிக்காத புத்தகத்துக்குப் பணம் வாங்காதீர்கள். இதில் நான் விடாப்பிடியாக இருக்கிறேன்.

கேள்வி: ஏ.ஐ. கொண்டு அட்டை போட்டால் பிரச்சினையா?

ஏ.ஐ. உருவாக்கிய எழுத்து, படம், மொழிபெயர்ப்பு எது இருந்தாலும் பதிவேற்றும்போது அறிவிக்க வேண்டும் என்று கே.டி.பி. 2023 முதல் கேட்கிறது. அதை மறைக்காதீர்கள். என் அட்டைகளை ஓவியர்கள்தான் வரைகிறார்கள். மாநாட்டில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவரே ஓவியராக இருப்பார்; நம் துறையை வளர்த்ததில் பாதி அவர்கள் கை.

கேள்வி: எந்த அழைப்பை ஏற்பது, எதை மறுப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

அழைப்பு வந்தால், கையில் இருக்கும் வரைவு அந்தத் தேதியில் எந்தக் கட்டத்தில் இருக்கும் என்று முதலில் பார்ப்பேன். புதிய புத்தகம் வெளிவந்த இரண்டு மூன்று மாதங்களில் மாநாட்டுக்குச் சரி என்பேன், கொண்டுபோக ஏதாவது இருக்கும். நாவலின் கடைசி மூன்றில் ஒரு பங்கை எழுதும்போது எதற்கும் போவதில்லை. பட்டறையில் சொல்லித்தர அழைத்தால், எத்தனை கையெழுத்துப்படிகள் வாசிக்க வேண்டும், எவ்வளவு சம்பளம், பயணச் செலவு யாருடையது என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுத்தான் ஒப்புக்கொள்வேன். மாணவர் கதையை இரண்டு முறை வாசிக்காமல் வகுப்புக்குப் போக எனக்கு மனம் வராது. அதற்கு நேரம் இல்லையென்றால் அடுத்த ஆண்டு வருகிறேன் என்று அன்றைக்கே பதில் எழுதிவிடுவேன்.