பெரிதாகப் பேசப்படாத இசையைத் தேடிக் கேட்பது எப்படி: சேலத்து நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, ஆப் காட்டுவதையே கேட்டுக் கேட்டு சலித்துவிட்டது. எங்கே ஆரம்பிப்பது?

உங்களுக்கு ஏற்கெனவே உயிராகப் பிடித்த ஒரு ஆல்பத்திலிருந்து. அதை வெளியிட்ட லேபிள் (இசை வெளியிடும் நிறுவனம்) எது, ஒலிப்பதிவு செய்தது யார், கூட வாசித்தவர்கள் யார் என்று டிஸ்காக்ஸ் என்ற இசைப்பதிவு விவரத் தளத்தில் பாருங்கள், அந்தப் பெயர்களின் பின்னாலேயே போங்கள். ஆப் நீங்கள் கேட்டதைப் போன்றதையே திரும்பத் தரும். சின்ன லேபிள் நடத்துகிறவரோ தனக்குப் பைத்தியம் பிடித்த இசையை, விற்குமா என்று பார்க்காமல் வெளியிடுகிறவர், அதனால் அவர் கூட்டிப்போகிற இடம் நீங்களே நினைத்துப் பார்க்காத இடமாக இருக்கும். கலைஞர்களே நேரடியாக இசையை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஒவ்வொரு ஆல்பம் பக்கத்திலும் அதை வாங்கியவர்களின் படங்கள் இருக்கும், ஒருவரைத் தொட்டால் அவர் வாங்கிய மற்றதெல்லாம் தெரியும். எனக்குக் கிடைத்த நல்லவற்றில் பாதி அப்படி வந்தவைதான்.

அம்மாபேட்டையிலிருந்து: நாய்ஸ் என்கிறார்களே, வெறும் இரைச்சலில் கேட்க என்ன இருக்கிறது?

உங்கள் தெருவில் இரண்டு விசைத்தறி பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது கவனித்திருப்பீர்கள். சத்தம் சேர்ந்து விழும், கொஞ்சம் கொஞ்சமாக விலகும், நடுவில் எந்தத் தறியிலும் இல்லாத ஒரு தாளம் கேட்கும், பிறகு மறுபடி சேரும். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1965இல் ஒரே குரல் பதிவை இரண்டு டேப் மெஷின்களில் ஓடவிட்டு இதையேதான் இசையாக்கினார். முதலில் அதைக் கேளுங்கள். அப்புறம் ஜப்பானின் நாய்ஸ் கலைஞர் மெர்ஸ்போவிடம் போகலாம், அங்கே பிடித்துக்கொள்ளத் தாளமே இருக்காது, அடுக்கடுக்கான ஒலிகள் நகர்வதைத்தான் பின்தொடர வேண்டும். வால்யூமைக் குறைத்து வையுங்கள், காது போனால் திரும்ப வராது.

ஏற்காட்டிலிருந்து ஒரு அக்கா: மேலே நெட் நிற்பதே இல்லை, என்ன செய்ய?

பேண்ட்கேம்பில் வாங்கினால் ஃபைலாகவே இறக்கிக்கொள்ளலாம், எம்பி3யோ, ஒலித்தரம் குறையாத ஃப்ளாக்கோ. சேலம் வரும்போது இறக்கி வைத்துக்கொண்டால் மலையில் நெட்டே வேண்டாம். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம், பேண்ட்கேம்ப் வெள்ளி என்று 2020இல் தொடங்கிய, சில வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வரும் நாட்களில் அதையும் எடுப்பதில்லை. 'விருப்ப விலை', அதாவது நீங்களே விலையை முடிவு செய்யலாம் என்று போட்டிருக்கும் ஆல்பங்கள் ஏராளம். உங்கள் ஊர் அமைதிக்கு அமெரிக்க இசைக்கலைஞர் பாலின் ஒலிவெரோஸ் பொருந்துவார். அவரும் கூட்டாளிகளும் தரைக்கடியில் இருந்த ஒரு காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, 45 விநாடி எதிரொலியோடு வாசித்து, 1989இல் வெளியிட்டார்கள்.

ஆத்தூரிலிருந்து: எல்லாம் வெள்ளைக்காரர்கள்தானா? நம் நாட்டில் யாருமில்லையா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். மும்பையில் இந்திப் பட இசைக்குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982இல் ரோலண்டு நிறுவனத்தின் 303, 808 மின்னணு இசைக்கருவிகளை வைத்து பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வெளியிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. சிகாகோவில் அதே 303 ஒலியை வைத்து ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை பிறந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்துத்தான், 2010இல் மறுபதிப்பு வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதற்கும் முன்னால், 1969இல், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர், மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் ஒரு மூக் சிந்தசைசரோடு ஸ்டுடியோ அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் உட்பட நம்மவர்கள் அதில் பதிவு செய்த டேப்புகள் பல வருடம் கிடப்பில் கிடந்து, 2023இல்தான் ஆல்பமாக வந்தன. இந்த கீதா சாராபாய்தான் 1940களில் நியூயார்க்கில் புகழ்பெற்ற அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர். இதையெல்லாம் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

ஓமலூரிலிருந்து: பிடிக்கவில்லை என்றாலும் முழுசாகக் கேட்க வேண்டுமா?

வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஒருமுறை போட்டுப் பாருங்கள், போதும்.

அஸ்தம்பட்டியிலிருந்து: நாங்களே செய்து பார்க்கலாமா, கையில் காசில்லை?

போனில் பதிவு செய்யுங்கள், பழைய கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளைப் போட்டு வெட்டி ஒட்டுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை இறக்குகிற சத்தமே நல்ல தொடக்கம். முடித்ததும் பேண்ட்கேம்பில் ஏற்றி, ஊர் என்ற இடத்தில் சேலம் என்று போடுங்கள், அந்தப் பெயரைப் போட்டு நான் அடிக்கடி தேடுவதுண்டு.