பச்சிளம் குழந்தை நம்மைப் பார்த்துச் செய்யுமா? கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், பையன் பிறந்து 12 நாள் ஆகிறது. நாக்கை நீட்டிக் காட்டினால் அவனும் நீட்டுவான் என்கிறார்கள். எங்களிடம் செய்யவே மாட்டேன் என்கிறானே?

பதில்: எல்லாக் குழந்தையும் செய்யும் என்று சொல்ல முடியாது; நேரம் பார்த்துச் செய்து பாருங்கள். பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் நடக்காது. பால் குடித்து, ஏப்பம் விட்டு, ஈரத்துணி மாற்றியபின் கைகாலை அதிகம் உதைக்காமல் கண்ணை அகல விரித்துப் பார்ப்பான். அந்தச் சில நிமிடங்கள்தான் சரி. தலையையும் கழுத்தையும் தாங்கிப் பிடித்து, உங்கள் முகத்தை 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் வையுங்கள். அதற்கு அப்பால் அவனுக்கு மங்கல்தான். வெளிச்சம் அவன் கண்ணில் அடிக்காமல் உங்கள் முகத்தில் விழட்டும். நாக்கை மெதுவாக நாலைந்து தடவை நீட்டி, உள்ளிழுத்துவிட்டு, 20 விநாடியாவது சும்மா இருங்கள். இந்தக் காத்திருப்பைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். முதலில் உதடு அசையலாம், நாக்கு உள்ளேயே புரளலாம், பிறகுதான் நுனி வெளியே தெரியலாம். அதற்குள் நீங்கள் கிலுகிலுப்பையை எடுத்துவிட்டால் அவன் கவனம் அங்கே போய்விடும்.

கேள்வி: ஒரு மாதமாகியும் என் மகள் நீட்டவில்லை. ஏதாவது குறையா?

பதில்: இல்லவே இல்லை, பயப்படாதீர்கள். 12 முதல் 21 நாள் குழந்தைகள் நாக்கு நீட்டுவதையும் வாய் திறப்பதையும் பார்த்துச் செய்வதாக மெல்ட்சாஃப், மூர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1977இல் எழுதினார்கள். 2016இல் ஆஸ்திரேலியாவில் 106 குழந்தைகளை 1, 3, 6, 9 வாரங்களில் சோதித்தபோது அது உறுதிப்படவில்லை. வேறு எதைக் காட்டினாலும் குழந்தைகள் அதே அளவு நாக்கை நீட்டின. ஆர்வம் வந்தாலே நாக்கு வெளியே வரும் என்று சொல்பவர்களும் உண்டு. ஆகவே இதை ஒரு பரிசோதனையாக வைத்துக்கொள்ளவே கூடாது. செவித்திறன் பரிசோதனைதான் அவசியம். இன்னும் செய்யவில்லை என்றால் இப்போதே செய்துவிடுங்கள்.

கேள்வி: கொஞ்ச நேரம் கொஞ்சினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

பதில்: போதும் என்கிறாள். கொட்டாவி, விக்கல், விரல்களை விறைப்பாக விரிப்பது எல்லாமே அதே சேதிதான். முகவாயைப் பிடித்துத் திருப்பாதீர்கள்; அது அழுகையில் முடியும். பேச்சை நிறுத்துங்கள், அவளே திரும்பிப் பார்ப்பாள்.

கேள்வி: என் பேரன் எப்போது 'ங்கா' சொல்வான்?

பதில்: ஆறு முதல் எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிப்பான், 'ங்கா'வும் அதையொட்டி வரும் அம்மா. அவன் சொல்லி முடித்ததும் அதே ராகத்தில் திருப்பிச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், அடுத்த முறை அவனுடையது. மூன்று மாதம் முடிந்தும் சிரிக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். பலத்த சத்தத்துக்குத் திடுக்கிடவில்லை என்றால் மூன்று மாதம்வரை காத்திருக்காதீர்கள், உடனே காட்டுங்கள்.