பிரசங்கம் முடிந்த இரவில் வரும் சோதனை

பாஸ்டர், சபையார் பிரசங்கத்தைப் புகழ்ந்ததும் மனம் உயர்கிறது, அன்றிரவே கைபேசியில் ஆபாசத்தில் விழுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். மேடையில் பொங்கிய உற்சாகம் வடிந்ததும் வெறுமை வரும். "இவ்வளவு உழைத்தேனே" என்று பெருமை சலுகை கேட்கும். பிரசங்கத்துக்கு எத்தனை லைக் என்று பார்க்கப் போவதுதான் பெரும்பாலும் முதல் படி. ஆகவே ஞாயிறு சாயங்காலமே போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் படுங்கள்.

திங்கள் காலையே வேறு சபையின் மூத்த போதகர் ஒருவரிடம் பேசுங்கள். உங்களுக்குக் கீழ் ஊழியம் செய்பவர் வேண்டாம், அவரால் உங்களைக் கண்டிக்க முடியாது. "கொஞ்சம் பலவீனம், ஜெபியுங்கள்" என்று மழுப்பாதீர்கள். எந்த நாள், எத்தனை மணி, என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். பாவங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் வேதாகம வசனம் (யாக்கோபு 5:16) போதகருக்கும் சேர்த்துத்தான்.