'செக்' என்று ஃபங்ஷனுக்குப் பெயர் வைக்கலாமா?

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பில் தொகையைச் சரிபார்க்க ஒரு ஃபங்ஷன் எழுதி, 'செக்' என்று பெயர் வைத்தேன். சின்டாக்ஸ் எரர் வந்தது. பெயருக்கு டபுள் கோட்ஸ் போட்டதும் ஓடிவிட்டது. அப்படியே விட்டுவிடலாமா? - வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம், இன்றைக்கே மாற்றிவிடுங்கள். செக் என்பது டேபிளில் நிபந்தனை வைப்பதற்காக, டேட்டாபேஸிடம் பேசும் மொழியான எஸ்க்யூஎல் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட சொல். அந்தப் பெயரில் ஃபங்ஷன் இருக்கிறதா என்று தேடுவதற்கு முன்பே, வாக்கியத்தைப் பிரித்துப் படிக்கும் பார்சர் அதை நிபந்தனைச் சொல்லாக எடுத்துக்கொண்டு இடறி நின்றுவிடுகிறது. கோட்ஸ் போட்டால் வழிவிடும், சரி, ஆனால் அப்புறம் கூப்பிடுகிற ஒவ்வொரு இடத்திலும் கோட்ஸ் போட்டாக வேண்டும், சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் அச்சாகப் பொருந்த வேண்டும். முன்னால் ஸ்கீமா (டேபிள், ஃபங்ஷன்களை வைக்கும் தொகுப்பு) பெயரைச் சேர்த்து 'பப்ளிக்.செக்' என்று எழுதினால் கோட்ஸ் இல்லாமலும் ஓடும்! ஒரு இடத்தில் ஓடி, இன்னொரு இடத்தில் ஓடாமல் போவது இதனால்தான்.

லெஃப்டும் டேபிள்களை இணைக்கும் ஜாயினுக்கான சொல்தானே, அது மட்டும் எப்படி ஃபங்ஷனாக ஓடுகிறது? போஸ்ட்கிரெஸ் தன் சொற்களை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறது. ஒதுக்கிய சொல்லாக இருந்தாலும் ஃபங்ஷன் பெயராக வரலாம் என்று ஒரு வகை உண்டு, லெஃப்ட் அதில் சேர்த்தி. செக் முழுக்க ஒதுக்கியது. பிஜி_கெட்_கீவேர்ட்ஸ் என்ற ஃபங்ஷனை செலக்ட் செய்தால் எந்தச் சொல் எந்த வகை என்று வரும்.

எரர் வந்தது உங்கள் நல்ல நேரம். நான் ஒருமுறை 'யூசர்' என்று டேபிள் வைத்து, கோட்ஸ் இல்லாமல் செலக்ட் போட்டேன். எரரே இல்லை. ஒரே ஒரு வரி, அதில் நான் லாகின் செய்த பெயர்! யூசரும் ஒதுக்கிய சொல்தான். டேட்டா எல்லாம் போய்விட்டதோ என்று அரை நாள் தவித்தேன்.

இந்தப் பட்டியல் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும் என்பதையும் கவனியுங்கள். இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் 8.0இல் 'ரேங்க்' ஒதுக்கிய சொல்லானது, 5.7இல் ஒழுங்காக ஓடிய ரேங்க் என்ற ஃபீல்டுக்கு அங்கே பேக்டிக் (` குறி) போட வேண்டியதாயிற்று. அதனால் ஒற்றைச் சொல்லை விட்டுவிட்டு, 'செக்_பில்_டோட்டல்' என்று செய்கிற வேலையைப் பெயராக வையுங்கள்.

மாற்றுவது எளிது, ஆல்டர் ஃபங்ஷன் ரீநேம் போதும். வியூக்கள் (சேமித்து வைத்த செலக்ட்கள்) ஃபங்ஷனை உள் எண்ணால் பிடித்துவைத்திருப்பதால் அவற்றைத் தொட வேண்டாம். ஆனால் பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸ்ஸின் ஃபங்ஷன் எழுதும் மொழி) ஃபங்ஷன்களின் உடல் வெறும் எழுத்தாகக் கிடப்பதால் அங்கே பழைய பெயரே நிற்கும். பிஜி_ப்ராக் டேபிளின் ப்ரோஎஸ்ஆர்சி (prosrc) ஃபீல்டில் தேடி, ஒவ்வொன்றாகத் திருத்துங்கள்.