எத்தனை பேரில் எத்தனை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

செவிலியர்களும் களப்பணியாளர்களும் மருத்துவ ஆய்வு முடிவுகளைத் தங்கள் வேலையில் பயன்படுத்தப் பழக்கும் இரண்டு நாள் பயிலரங்குகளை நடத்துகிறேன். குழு விவாதம், விளையாட்டு எல்லாம் உண்டு. முடிவில் எல்லோரும் ‘மிக நன்று’ என்றே எழுதித் தருகிறார்கள். ஆறு மாதம் கழித்து விசாரித்தால் ஒருவர்கூட ஆய்வறிக்கை எதையும் தொட்டிருக்கவில்லை. புள்ளியியல் அவர்களுக்கு எட்டவில்லை என நினைக்கிறேன். மூன்று நாளாக்கலாமா? தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

எத்தனை நாள் என்பது உங்கள் வசதி. சான்றிதழ் கொடுங்கள், சுவரில் மாட்டிக்கொள்வார்கள். படிவத்தில் எழுதுவதை நம்பாதீர்கள். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் யார் குறை எழுதுவார்கள்?

‘எட்டவில்லை’ என்ற சொல்தான் கோபமூட்டியது. நானும் அதைச் சொல்லித் திரிந்தவன் என்பதால் கூடுதலாகவே.

பல ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு பயிலரங்கில், “இந்த மருந்தால் ஆபத்து இரண்டு மடங்காகிறது” என்று திரையைக் காட்டி முழங்கினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மூத்த செவிலியர், “எத்தனையிலிருந்து எத்தனை ஆகுது சார்?” என்றார். எனக்குத் தெரியவில்லை. அதைப் பார்க்காமலேயே பேச வந்திருந்தேன். “அதற்கு அப்புறம் வருகிறேன்” என்றேன். வரவேயில்லை. அந்த அம்மா அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. மாலையில் அவரும் ‘நன்று’ என்று எழுதியிருப்பார்.

1995-இல் பிரிட்டனில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் போனது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. பயந்துபோன பெண்கள் பலர் மாத்திரையையே விட்டார்கள். 7,000 பேரில் ஒருவருக்கு என்பது இருவருக்கு என்றாகியிருந்தது, அவ்வளவுதான். கர்ப்பத்தில் ரத்தம் அப்படி உறையும் வாய்ப்பு அதைவிட அதிகம்! அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடின என்று கணக்கிட்டார்கள். படித்தவர்கள் நிறைந்த நாடு அது. புள்ளியியல் எட்டாததாலா நடந்தது?

உங்கள் ஆட்கள் தினமும் நோயாளிகளைப் பார்க்கிறவர்கள். எண்ணத் தெரிந்தவர்கள். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒருமுறையாவது முன்கூட்டி விசாரித்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த ஆய்வு, நீங்கள் தயாரித்த விளையாட்டு. நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள், தெரிகிறது. ஆனாலும் அது வகுப்பறைதான், நாற்காலியை வட்டமாகப் போட்டிருக்கிறீர்கள்.

வார்டில் அவர்களை உறுத்தும் சந்தேகத்தை எழுதி வாங்குங்கள். அதற்கேற்ற ஓர் ஆய்வைத் தேடி எடுங்கள். ஆயிரம் வட்டங்கள் அச்சிட்ட தாள் இரண்டைக் கொடுத்து, மருந்து எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு எத்தனை பேருக்குப் பாதிப்பு, எடுக்காதவர்களில் எத்தனை பேருக்கு என்று அட்டவணையைப் பார்த்து அவர்களையே வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். நீங்கள் பேசாமல் உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் கஷ்டமாக இருக்கும், உங்களுக்குத்தான்.

அப்புறம் எழுதுங்கள். அவர்கள் கேட்டதில் உங்களுக்குப் பதில் தெரியாதது எது என்று மட்டும் எழுதினால் போதும்.