மகனுக்கு ஒரு விதை இறங்கவில்லை, பொறுத்துப் பார்க்கலாமா?

கேள்வி: மகனுக்கு 11 மாதம். மாதம் நிறைந்துதான் பிறந்தான். வலது விதை பைக்குள் இல்லை என்று அப்போதே சொன்னார்கள், இன்னும் இறங்கவில்லை. டொக்டர் ஒப்பரேஷன் செய்யச் சொல்கிறார். ஐந்து வயது மட்டும் பார்க்கலாம், தானாக இறங்கும் என்கிறார் மாமி. இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுக்கவும் பயமாக இருக்கிறது. – ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: பொறுக்க வேண்டாம், தங்கச்சி. தானாக இறங்குகிற விதை பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே இறங்கிவிடும், 6 மாதம் தாண்டியும் மேலே நின்றால் பிறகு இறங்குவது அபூர்வம். மாமியோடு சண்டை பிடிக்காதீர்கள், அவர் பிள்ளை வளர்த்த காலத்தில் டொக்டர்மாரும் அப்படித்தான் சொன்னார்கள். இப்போது 6 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில், முடிந்தால் முதலாவது பிறந்தநாளை ஒட்டிச் செய்துவிடச் சொல்கிறார்கள்.

காரணம் சூடு. விதைப்பை வெளியே தொங்குவதால் உடம்பைவிட 2, 3 பாகை குளிர்ச்சியாக இருக்கும். மேலே சூட்டில் கிடக்கிற விதையில், பின்னாளில் விந்தணுவாக வேண்டிய கலங்கள் நாள் போகப் போகக் குறைந்துகொண்டே வரும், ஐந்து வயதில் இறக்கி வைத்தாலும் போனது போனதுதான். இறங்காத விதையில் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கொஞ்சம் கூட. நேரத்தோடு செய்தால் அது குறையும், அப்புறம் கட்டி ஏதும் வந்தாலும் கையில் தட்டுப்படும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டும்போது விதை பைக்குள் தெரிந்து, குளிர் பட்டதும் மேலே ஓடி ஒளிகிறதா? அப்படியென்றால் டொக்டரிடம் சொல்லுங்கள், அந்த வகைக்குப் பொதுவாக ஒப்பரேஷன் தேவையில்லை, வருடா வருடம் காட்டினால் போதும். ஸ்கேனுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். சிறுவர் சத்திரசிகிச்சை நிபுணரின் கைதான் இதற்கு ஸ்கேன்.

மயக்க மருந்துப் பயம் எனக்கு விளங்குகிறது, பெற்ற மனம் அல்லவா. ஆனால் பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர்கள் இருக்கும் இடத்தில் இது அன்றாடம் செய்கிற ஒப்பரேஷன், அநேகமாக அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். பொரளை லேடி ரிஜ்வே ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம், கிளினிக்குக்குப் போகும்போது பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை மறக்காதீர்கள். சத்திரசிகிச்சை நாளில், பால் நிறுத்தச் சொன்ன நேரத்துக்குப் பிறகு அழுகிறானே என்று ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது. தடிமன், காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், நாளைத் தள்ளி வைப்பார்கள்.

இதோடு குடலிறக்கமும் சேர்ந்து வருவதுண்டு. அதற்கிடையில் கவட்டுப் பக்கம் வீங்கி, பிள்ளை விடாமல் அழுதாலோ வாந்தி எடுத்தாலோ கிளினிக் நாளைப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.