திருவிதாங்கூரை ராஜாதானே ஆண்டார், அது எப்படிக் காலனி ஆகும்?

"திருவிதாங்கூரில் கடைசிவரை ராஜாதான் ஆண்டார். ஆங்கிலேயர் படை பாதுகாப்புக்காக மட்டும்தான் இருந்தது. அதையும் காலனி என்பது சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

காலனி என்பது சரிதான். எனக்குத் தக்கலைப் பக்கம். எங்கள் ஊர்க் கோட்டையிலிருந்தே பதிலைத் தொடங்குகிறேன்.

புலியூர்க்குறிச்சியில் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது உதயகிரிக் கோட்டை. என் பாட்டி அதைத் 'தில்லானைக் கோட்டை' என்றுதான் சொல்வார். தில்லானை என்றால் டிலனாய். 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கம்பெனியைத் தோற்கடித்தபோது பிடிபட்ட அதிகாரி. கைதியாக வந்தவர் ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தார், 'வலிய கப்பித்தான்' (பெரிய கேப்டன்) ஆனார், இந்தக் கோட்டையைப் பலப்படுத்தினார், 1777-இல் இறந்து இங்கேயே அடக்கமானார். உள்ளே கூரை போன தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லில் லத்தீனோடு தமிழும் வெட்டியிருக்கிறார்கள். குனிந்து, விரலால் தடவித்தான் தமிழ் எழுத்துகளைக் கூட்டிப் படித்தேன். அவரும் அந்நியர்தான். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்ததும் ராஜா, உத்தரவு போட்டதும் ராஜா.

பின்னால் வந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்குச் செலவு மட்டும்தான் ராஜாவுடையது. உத்தரவு கம்பெனியிடமிருந்து வந்தது. என்னைப் பொறுத்தவரை முழு விஷயமும் இந்த ஒரு வித்தியாசத்தில் இருக்கிறது.

ஆரம்பத்தில் காரணம் நியாயமாகவே இருந்தது. திப்பு சுல்தான் 1789 இறுதியில் திருவிதாங்கூரின் வடக்கு எல்லைக் காவல் அரணான நெடுங்கோட்டையைத் தாக்கினார்; துணை தேவைப்பட்டது. 1795 ஒப்பந்தப்படி கம்பெனியின் மூன்று பட்டாளங்களுக்கான செலவைத் திருவிதாங்கூர் ஏற்றுக்கொண்டது. 1799-இல் திப்பு இறந்தார். பயந்த காரணம் போய்விட்டது, படை போகவில்லை. 1804-இல் ராஜாவின் நாயர் படை படிக் குறைப்பை எதிர்த்துக் கலகம் செய்ததும், 1805-இல் புது ஒப்பந்தம் வந்தது. இன்னொரு ரெஜிமெண்டின் செலவும் தலையில் ஏறி, ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் ஆனது. பணம் தவறினால் நிர்வாகத்தைக் கம்பெனி தன் கையில் எடுக்கலாம், கம்பெனி சொல்லும் ஆலோசனையை ராஜா கேட்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. ஆலோசனை என்று பெயர், ஆனால் பக்கத்தில் துப்பாக்கியோடு பட்டாளம் நிற்கும்போது அதை யார் மறுக்க முடியும்?

அந்த ஒப்பந்தத்துக்குத் துணைபோனவர் அன்றைய தளவாய், அதாவது முதலமைச்சர், வேலுத்தம்பி. எங்கள் பக்கத்துத் தலக்குளத்துக்காரர். பாக்கியைக் கட்டச் சொல்லி, ரெசிடெண்ட் என்ற பெயரில் இருந்த கம்பெனிப் பிரதிநிதி மெக்காலே நெருக்கியபோதுதான் எதில் மாட்டிக்கொண்டோம் என்று அவருக்கு முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தவற்றைத் திருத்த அவர் உயிரையே கொடுத்தார் என்பதால் எனக்கு அவர்மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது. 1809 ஜனவரியில் குண்டறையில் மக்களைப் போருக்கு அழைத்தார்.

பிப்ரவரியில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கணவாயின் காவலை உடைத்தது. இப்போது காற்றாலைகள் சுற்றுகிற அதே இடைவெளிதான். சில நாட்களில் உதயகிரியும் விழுந்தது. டச்சுக் கம்பெனி அதிகாரியைப் பிடித்து, அவரை வைத்தே பலப்படுத்திய கோட்டை, பாதுகாப்புக்கு என்று ஒப்பந்தம் போட்ட கம்பெனியிடம் போனது. மண்ணடியில் வேலுத்தம்பி உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் உடலைத் திருவனந்தபுரம் கண்ணம்மூலைக்குக் கொண்டுபோய்க் தூக்குமரத்தில் தொங்கவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். ராஜாவின் படையில் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. 1811 முதல் 1814 வரை திருவிதாங்கூரின் திவானாக இருந்தவர் கர்னல் மன்றோ. அதே சமயத்தில் கம்பெனியின் ரெசிடெண்டும் அவரேதான். அரண்மனையில் ராணி இருந்தார், முத்திரையும் அவர் பெயரில்தான்.

கம்பெனிப் படை தங்கிய கொல்லத்தில் அந்த இடத்துக்கு இன்றும் கன்டோன்மென்ட் என்றுதான் பெயர்.